சிகாகோவில் மூன்று நாள்: எந்த மியூசியத்துக்குப் போகலாம், எதை விடலாம்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், கூடவே பத்து வயதுப் பையன், சிகாகோவில் முழுதாக மூன்று நாள் கையில் இருக்கிறது, எந்தெந்த மியூசியம் பார்க்கலாம், ஐந்து இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்கும் சிட்டிபாஸ் வாங்கினால் லாபமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் பல வருடமாக இருக்கிறேன், வருகிற சொந்தக்காரர்களை இந்த இடங்களுக்கெல்லாம் கூட்டிப் போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பெரிய மியூசியம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாள் ஃபீல்ட் மியூசியம், ஒரு நாள் ஆர்ட் இன்ஸ்டிடியூட், ஒரு நாள் தெற்கே ஹைட் பார்க் பக்கம் இருக்கும் அறிவியல் தொழில் மியூசியம். சிட்டிபாஸ் உங்களுக்குத் தேவையில்லை. அதில் ஷெட் அக்வேரியமும் வில்லிஸ் டவர் உச்சியும் சேர்ந்தே வரும், மிச்சத்தைத்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும். காசு கொடுத்தாயிற்றே என்று மூன்று நாளில் ஐந்து இடத்துக்கு ஓட வேண்டியிருக்கும். வயதானவர்களை வைத்துக்கொண்டு அது முடியாது, முடிந்தாலும் சாயங்காலம் யார் மனதிலும் எதுவும் நிற்காது.

இந்த மூன்றையும் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போனால் மூன்று நாளும் ஒரே கதையாகச் சேர்ந்துகொள்ளும். கொலம்பஸ் அமெரிக்கா வந்த 400-வது ஆண்டைக் கொண்டாட 1893-இல் சிகாகோவில் ஒரு உலகக் கண்காட்சி நடந்தது. மே முதல் அக்டோபர் வரை ஆறு மாதம், டிக்கெட் கணக்குப்படி 2 கோடியே 70 லட்சம் வருகைகள். 1871-இல் ஊரில் மூன்றில் ஒரு பங்கு தீயில் எரிந்துபோய், அதிலிருந்து எழுந்து இருபது வருடம்தான் ஆகியிருந்தது, உலகத்துக்குத் தன்னைக் காட்ட வேண்டும் என்ற வெறி சிகாகோவுக்கு அப்போது இருந்தது. ஏரிக்கரையில் ஜாக்சன் பார்க்கில் வெள்ளை வெளேரென்று மாளிகைகள் எழுப்பினார்கள். எல்லாம் சுண்ணச்சாந்தும் நாரும் கலந்து பூசிய தற்காலிகக் கட்டடங்கள், அடுத்த ஆண்டே பெரும்பாலானவை எரிந்து போயின. ஓவியங்களை வைத்திருந்த மாளிகையை மட்டும் தீப்பிடிக்காதபடி உள்ளே செங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள், அது தப்பியது. கண்காட்சிக்கு வந்து சேர்ந்த பொருள்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது பெரிய ஜவுளிக்கடை முதலாளி மார்ஷல் ஃபீல்ட் 10 லட்சம் டாலர் கொடுத்தார், 1894-இல் அதே செங்கல் மாளிகையில் ஒரு மியூசியம் திறந்தார்கள். அதுதான் ஃபீல்ட் மியூசியம். 1921-இல் அது இப்போது இருக்கும் ஏரிக்கரைக் கட்டடத்துக்கு இடம் மாறியது, காலியான பழைய மாளிகையில் 1933-இல் அறிவியல் தொழில் மியூசியம் வந்தது. நகர மையத்தில் இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டின் கட்டடமும் அந்தக் கண்காட்சியோடு சேர்ந்த மாநாடுகளுக்காக 1893-இல் கட்டியதுதான். ஆக நீங்கள் பார்க்கப்போகும் மூன்று பெரிய இடங்களும் ஒரே ஆண்டின் பிள்ளைகள்.

சரி, முதல் நாள் ஃபீல்ட் மியூசியம். பையனுக்காகப் போகிறோம் என்று நினைத்துப் போவீர்கள், ஆனால் பெரியவர்களுக்கும் இங்கே நிறைய இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் பெரிய கூடத்தில் மாக்சிமோ என்ற ராட்சத டைனோசர் நிற்கும், படகோடைட்டன் வகை, மூக்கிலிருந்து வால் வரை 122 அடி. அது வார்ப்புதான், அசல் எலும்பு அர்ஜென்டினாவில் கிடைத்தது, வார்ப்பு என்பதால் தொட்டுப் பார்க்க விடுவார்கள், பையன்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம். அதே கூடத்தில் சண்டை போடும் இரண்டு ஆப்பிரிக்க யானைகள் நிற்கின்றன, கார்ல் ஏக்லி பாடம் செய்தவை. வைக்கோல் திணித்து விலங்குத் தோலை நிறுத்திய காலத்தில், தசை எப்படி முறுக்கிக்கொள்ளும், தோல் எங்கே மடியும் என்று பார்த்துப் பார்த்து உருவம் செய்து அதன்மேல் தோலைப் போர்த்தியவர் அவர். ஒரு நிமிடம் நின்று யானையின் காதையும் முழங்காலையும் பாருங்கள்.

பிறகு மாடியில் சூ. 1990-இல் தெற்கு டகோட்டாவில் சூ ஹெண்ட்ரிக்சன் என்பவர் கண்டெடுத்த டி. ரெக்ஸ், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 40 அடிக்கு மேல் நீளம், சுமார் 6 கோடியே 70 லட்சம் ஆண்டுப் பழசு, எலும்புகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் கிடைத்தது, அந்த அளவுக்கு முழுமையாகக் கிடைப்பது மிக அரிது. எலும்பு யாருக்குச் சொந்தம், நிலத்துக்காரருக்கா, தோண்டியவர்களுக்கா என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்து, கடைசியில் 1997-இல் ஏலத்துக்கு வந்தது. மெக்டொனால்ட்ஸும் டிஸ்னியும் துணை நிற்க ஃபீல்ட் மியூசியம் 83 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு எடுத்தது. ஏதோ பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்குப் போயிருக்க வேண்டியது, பொதுமக்கள் பார்க்கும் இடத்துக்கு வந்தது, அதை நினைத்தால் எனக்கு இன்றும் நிம்மதியாக இருக்கிறது. உடம்பின் மேல் இருக்கும் தலை அசல் இல்லை. அசல் மண்டையோடு கம்பியில் தாங்காத அளவு கனம், அதே அறையில் தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பலர் எலும்புக்கூட்டோடு படம் எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். நீங்கள் பெட்டியைத் தேடிப் போங்கள்.

பெரியவர்களுக்கு நான் முக்கியமாகக் காட்டுவது சாவோ சிங்கங்களை. பார்த்தால் பிடரி இல்லாத, மெலிந்த இரண்டு சிங்கங்கள், பெரிதாக ஒன்றும் தோன்றாது. 1898-இல் கென்யாவில் சாவோ ஆற்றுக்குக் குறுக்கே ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் அந்த ரயில் பாதைக்காக பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவிலிருந்து சுமார் 32,000 கூலித் தொழிலாளர்களைக் கப்பலில் கொண்டுபோயிருந்தார்கள், பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்தவர்கள். இந்த இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் இரவில் கூடாரங்களுக்குள் நுழைந்து ஆட்களை இழுத்துப்போயின, வேலையே நின்றுபோனது. டிசம்பர் மாதம் பொறியாளர் ஜான் ஹென்றி பாட்டர்சன் இரண்டையும் சுட்டார். 135 பேரைக் கொன்றன என்று அவர் பின்னாளில் சொன்னார். 2009-இல் சிங்கங்களின் எலும்பையும் முடியையும் சோதித்த ஆய்வு, தின்றது சுமார் 35 பேராக இருக்கும் என்றது. தோலை அவர் வீட்டில் தரைவிரிப்பாகப் பல வருடம் போட்டிருந்து 1924-இல் 5,000 டாலருக்கு மியூசியத்துக்கு விற்றார், விரிப்புக்காக வெட்டிய தோல் என்பதால்தான் உருவம் உயிரோடு இருந்ததைவிடச் சின்னதாகத் தெரிகிறது. சுட்டவர் பெயரும் சிங்கங்களின் பெயரும் உலகத்துக்குத் தெரியும். செத்த தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. நம் ஊர்ப் பெரியவர்களோடு போகும்போது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இந்தப் பாதியையும் சொல்லுங்கள்.

எகிப்துப் பகுதியையும் விடாதீர்கள், உனிஸ்-அங்க் என்பவரின் கல்லறை அறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், 4,000 ஆண்டுக்கு மேல் பழசு. 2022-இல் திறந்த அமெரிக்கப் பூர்வகுடிகள் பகுதியும் நன்றாக இருக்கிறது, பழைய கூடத்தில் அவர்களை ஏதோ மறைந்துபோன இனம்போல் வைத்திருந்தார்கள், இப்போது அந்த மக்களையே சேர்த்துக்கொண்டு புதிதாகச் செய்திருக்கிறார்கள். டிக்கெட்டில் அடிப்படை டிக்கெட்டே போதும். நான் சொன்னதெல்லாம் அதிலேயே அடங்கும், 3டி படம், சிறப்புக் கண்காட்சி என்று கூடுதலாக வாங்கினால் நேரம்தான் போகும்.

ஃபீல்ட் பக்கத்திலேயே ஷெட் அக்வேரியம், ஆட்லர் கோளரங்கம் இரண்டும் இருக்கின்றன. ஷெட்டில் டிக்கெட் விலை அதிகம், கூட்டமும் அதிகம், மீன் எந்த ஊரிலும் பார்க்கலாம், மூன்று நாள்தான் என்றால் விட்டுவிடுங்கள். ஆட்லர் 1930-இல் திறந்தது, அமெரிக்கக் கண்டங்களிலேயே முதல் கோளரங்கம். பையனுக்கு வானத்தில் ஆர்வம் இருந்தால் ஒழிய உள்ளே போக வேண்டியதில்லை. ஆனால் அதன் வாசல் வரை நடந்து போங்கள். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையிலிருந்து நகரத்தின் கட்டடங்கள் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், காசு கிடையாது, குடும்பப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

இரண்டாம் நாள் ஆர்ட் இன்ஸ்டிடியூட். ஓவியம் நமக்கு என்ன புரியும் என்று அப்பா சொல்லக்கூடும். அப்படிச் சொல்கிறவர்களைத்தான் நான் கட்டாயம் கூட்டிப் போவேன். அவர்களுக்கு வாசலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1893 செப்டம்பர் 11 அன்று சர்வ சமய மாநாடு தொடங்கியது இந்தக் கட்டடத்தில்தான், 'அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே' என்று சுவாமி விவேகானந்தர் பேச ஆரம்பித்தது இங்கேதான். அவரை அனுப்பி வைத்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு, அளசிங்கப் பெருமாளும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள், ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி போகச் சொல்லித் தூண்டியவர்களில் ஒருவர். வாசலில் இரண்டு பெரிய வெண்கலச் சிங்கங்கள் இருக்கும், அங்கே மிச்சிகன் அவென்யூவில் 'ஸ்வாமி விவேகானந்தா வே' என்று பழுப்புநிறத் தெருப்பலகையும் இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஃபுல்லர்ட்டன் அரங்கத்தில்தான் அவர் பேசினார் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், அந்த அரங்கம் கட்டியது 1898-இல். அவர் பேசியது கொலம்பஸ் மண்டபம் என்ற தற்காலிகக் கூடத்தில், மாநாடு முடிந்ததும் அதைப் பிரித்துவிட்டார்கள். நினைவுப் பலகையை ஃபுல்லர்ட்டன் அரங்கத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள், நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் பூட்டியிருக்கலாம், காவலரிடம் கேட்டுப் பாருங்கள். 2010-இல் இந்தியக் கலைஞர் ஜிதிஷ் கல்லாட் பெரிய மாடிப்படியின் 118 படிகளிலும் அந்தப் பேச்சு முழுவதையும் மின்விளக்கு எழுத்துகளில் ஒளிரவிட்டிருந்தார். விளக்கின் ஐந்து நிறங்களும் அப்போது அமெரிக்க அரசு பயங்கரவாத எச்சரிக்கைக்கு வைத்திருந்த ஐந்து நிறங்கள். மதவெறி ஒழியட்டும் என்று பேசியதும் செப்டம்பர் 11, நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்ததும் செப்டம்பர் 11. அந்த ஏற்பாடு இப்போது இல்லை, ஆனால் அந்தப் படிகளில் ஏறும்போது அப்பாவிடம் சொல்லுங்கள்.

அடுத்து நேராக இந்தியக் கூடம். கட்டடத்தின் நடுவே ரயில் தண்டவாளங்கள் ஓடுகின்றன, அவற்றுக்கு மேலே பாலம்போல் கட்டிய நீண்ட கூடத்தில்தான் ஆல்ஸ்டார்ஃப் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே நாகப்பட்டினத்துப் புத்தர் இருக்கிறார். கருங்கல், 12-ஆம் நூற்றாண்டு, ஐந்தடிக்கு மேல் உயரம், தியானத்தில் அமர்ந்த கோலம். சோழர் காலத்தில் நாகப்பட்டினம் பெரிய துறைமுகம், ஸ்ரீவிஜய அரசன் அங்கே சூடாமணி விகாரத்தைக் கட்ட ராஜராஜன் அனுமதித்து ஆனைமங்கலம் ஊரின் வருவாயையும் அதற்குக் கொடுத்தான், லைடன் செப்பேடுகளில் இது இருக்கிறது. அங்கே மிஞ்சியிருந்த பழைய செங்கல் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளை எழும்பூர் மியூசியத்தில் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பௌத்தம் இவ்வளவு காலம், இவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை நம் பள்ளிக்கூடப் பாடத்தில் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறோம், இந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது அது இரண்டு வரி விஷயம் இல்லை என்று தெரியும். சோழர் கால நடராஜர் செப்புத் திருமேனி ஒன்றும் இந்த மியூசியத்திடம் இருக்கிறது.

கோயிலில் இருந்த சாமி இங்கே எப்படி வந்தார் என்று அம்மா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆசியச் சிலைகளில் கணிசமானவை தனியார் சேகரிப்பாளர்கள் வழியாக வந்தவை, அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்பது எல்லாவற்றுக்கும் தெளிவாக இல்லை. 2025-இல் இந்த மியூசியம் ஆல்ஸ்டார்ஃப் சேகரிப்பிலிருந்து வந்த ஒரு புத்தர் சிலையை, முசலிந்த நாகம் குடைபிடிக்கும் சிலை அது, நேபாளத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. ஒவ்வொரு பொருளும் யார் யார் கைமாறி வந்தது என்ற விவரத்தை மியூசியத்தின் இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள், சிலைக்கு முன்னால் நின்றபடியே போனில் தேடிப் படிக்கலாம். நான் அப்படித்தான் பார்ப்பேன், அழகை மட்டும் பார்த்துவிட்டு வருவது எனக்கு முழுமையாகப் படுவதில்லை.

இதற்குப் பிறகு மாடிக்குப் போங்கள். முதலில் சேரா வரைந்த 'கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு', 1884 முதல் 1886 வரை வரைந்தது, பத்தடி அகலம். பக்கத்தில் போனால் வெறும் புள்ளிகள், தள்ளி வந்தால் ஆற்றங்கரையில் வெயில் காயும் மனிதர்கள். பையனை முன்னும் பின்னும் நடக்கவிடுங்கள், யாரும் விளக்க வேண்டியதில்லை. 1958-இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தபோது அந்த மியூசியத்தில் தீப்பிடித்தது, ஓவியம் தப்பியது, அதற்குப் பிறகு இதை வெளியூருக்கு அனுப்புவதே இல்லை. இதைப் பார்க்க வேண்டுமானால் சிகாகோவுக்குத்தான் வர வேண்டும். அதே பக்கத்தில் மோனே வரைந்த கோதுமைப் போர்கள் வரிசையாக இருக்கும், ஒரே போர், காலை, மாலை, பனிக்காலம். தஞ்சாவூர்ப் பக்கம் வைக்கோல் போர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஓவியங்களை யாரும் அறிமுகம் செய்ய வேண்டாம், வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று அவர்களே சொல்வார்கள். இந்த மோனேக்களில் பல பெர்த்தா பாமர் என்ற அம்மையார் வாங்கிக் குடும்பம் வழியாக வந்தவை, 1893 கண்காட்சியில் பெண்கள் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் அவர்தான். அவர் வாங்கிய காலத்தில் அமெரிக்காவில் இந்த ஓவியர்களைச் சீந்துவார் குறைவு.

அமெரிக்கப் பகுதியில் இரண்டு போதும். கிராண்ட் உட் வரைந்த 'அமெரிக்கன் காதிக்', கையில் வைக்கோல் முள்ளோடு நிற்கும் கிழவரும் பக்கத்தில் ஒரு பெண்ணும். கணவன் மனைவி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஓவியர் வரைந்தது அப்பாவையும் மகளையும், அதற்கு நின்றவர்கள் அவருடைய பல் டாக்டரும் தங்கையும். 1930-இல் இங்கே போட்டிக்கு வந்து 300 டாலர் பரிசு வாங்கியது. இன்னொன்று எட்வர்ட் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்', 1942, நள்ளிரவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் நாலு பேர், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல். வெளிநாட்டில் தனியாக வேலை பார்த்தவர்கள் இதன் முன்னால் கொஞ்ச நேரம் அதிகமாகவே நிற்பார்கள். கடைசியாகக் கீழ்த்தளத்தில் தோர்ன் சின்னஞ்சிறு அறைகள், 68 அறைகள், ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் நாற்காலி, விளக்கு, கம்பளம் எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். பையனும் பாட்டியும் ஒன்றாக ரசிப்பது இதுதான். அவ்வளவுதான், வெளியே வந்துவிடுங்கள். நவீனக் கலைப் பகுதியையும் மிச்சத்தையும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் தெற்கே. சுற்றுலா வருகிறவர்களில் பாதிப் பேர் நகர மையத்தைத் தாண்டி வருவதே இல்லை. தெற்குப் பக்கம் பயம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஹைட் பார்க் சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கும் பகுதி, பகலில் குடும்பத்தோடு தாராளமாக நடக்கலாம். மில்லேனியம் ஸ்டேஷனில் மெட்ரா எலக்ட்ரிக் ரயில் ஏறினால் 55-56-57 தெரு ஸ்டேஷனில் இறங்கி பத்து நிமிட நடை, அல்லது 6-ஆம் எண் பஸ்.

அறிவியல் தொழில் மியூசியத்துக்கு 2024-இலிருந்து கிரிஃபின் என்று முன்னால் பெயர் சேர்ந்திருக்கிறது, கட்டடம் நான் முதலில் சொன்ன அந்தச் செங்கல் மாளிகைதான், வெளிப்பக்கத்தை மட்டும் பிறகு சுண்ணாம்புக்கல்லில் மாற்றிக் கட்டினார்கள். பையனுக்குக் காலை முழுவதும் இங்கே சரியாகப் போகும். 40 அடி உயரத்துக்குச் சுழலும் செயற்கைச் சூறாவளி, நிலக்கரிச் சுரங்கம், நிலவைச் சுற்றி வந்த அப்பல்லோ 8 கலம், 1934-இல் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 13 மணி 5 நிமிடத்தில் ஓடிவந்த ஜெஃபிர் ரயில். எல்லாவற்றுக்கும் மேலே யு-505. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 4, நார்மண்டி படையிறக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால், மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் அமெரிக்கக் கடற்படை உயிரோடு பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி. மூழ்கடிக்க ஏற்பாடு செய்துவிட்டு ஜெர்மானியர்கள் குதித்துவிட்டார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த கப்பலுக்குள் ஒரு சிறு குழு இறங்கி அடைப்பை மூடியது, ரகசியச் சங்கேத இயந்திரங்களும் கையேடுகளும் கிடைத்தன. பிடிபட்டது ஜெர்மனிக்குத் தெரிந்தால் சங்கேதத்தையே மாற்றிவிடும் என்று போர் முடியும் வரை மூச்சுவிடவில்லை. பிடித்த குழுவின் தலைவர் டேனியல் கேலரி சிகாகோக்காரர், அதனால்தான் 1954-இல் இந்த 252 அடிக் கப்பலை ஏரிகள் வழியாக இழுத்துவந்து, சாலையைக் குறுக்கே கடந்து, இங்கே சேர்த்தார்கள். கப்பலுக்குள் போக தனி டிக்கெட், நேரம் குறித்து வாங்க வேண்டும், முன்னாலேயே வாங்கிவிடுங்கள். உள்ளே குறுகலான கதவுகள், அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அவர்கள் வெளியே இருந்தே பார்க்கலாம், வெளியிலும் முழுக் கப்பலும் தெரியும்.

மத்தியானம் மேற்கே வாருங்கள். மிட்வே என்ற நீளமான புல்வெளி வரும். உலகத்தின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் 1893-இல் இங்கேதான் சுற்றியது, 264 அடி உயரம், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். இன்று அங்கே வெறும் புல்தான், ஆனாலும் இடத்தைக் காட்டிக் கணக்கைச் சொன்னால் பையன் பெருக்கிப் பார்ப்பான். அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் பழங்காலப் பண்பாடுகள் மியூசியம் நடக்கிற தூரம், 2023 வரை ஓரியண்டல் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் இருந்தது. சின்ன இடம், நிர்ணயித்த கட்டணம் கிடையாது, விரும்பியதைப் போடலாம். கோர்சாபாத்தில் அசீரிய அரசன் இரண்டாம் சார்கோனின் அரண்மனையைக் காத்த மனிதத் தலை கொண்ட சிறகுக்காளை, 16 அடி உயரம், 40 டன் எடை, ஒரு சுவர் முழுவதும் நிற்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் நிற்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் நடக்கும், அதற்காகவே ஐந்து கால் வைத்துச் செதுக்கியிருக்கிறான் சிற்பி. பையனை எண்ணச் சொல்லுங்கள். 17 அடி துத்தன்காமன் சிலையும் இங்கே இருக்கிறது. கூட்டமே இருக்காது. என்னைக் கேட்டால் ஊரிலேயே எனக்குப் பிடித்த மியூசியம் இதுதான்.

கால் வலிக்காவிட்டால் வாஷிங்டன் பார்க்கில் டூசாபிள் மியூசியம், கறுப்பின மக்களின் வரலாற்றுக்கானது. இதைப் பார்க்காமல் 1893 கதை பாதியோடு நிற்கும். அந்த வெள்ளை நகரத்தில் கறுப்பின மக்களுக்கு அநேகமாக இடமே தரவில்லை. கறுப்பின உரிமைக்காகப் போராடிய ஐடா பி. வெல்ஸும் ஃபிரெடரிக் டக்ளஸும் சேர்ந்து அதற்கு எதிராக ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு, ஹைட்டி நாட்டின் மண்டபத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கொடுத்தார்கள், டக்ளஸ் ஹைட்டிக்கு அமெரிக்கத் தூதராக இருந்தவர் என்பதால் அந்த மண்டபம் கிடைத்தது. 1961-இல் மார்கரெட் பரோஸ் என்ற ஆசிரியரும் நண்பர்களும், எந்த மியூசியமும் தங்கள் வரலாற்றை வைக்கவில்லையே என்று தன் வீட்டிலேயே இதைத் தொடங்கினார்கள். பெயர் இந்த ஊரில் முதலில் நிலையாகக் குடியேறிய டூசாபிள் என்ற கறுப்பினத்தவருடையது. சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் ஹரோல்ட் வாஷிங்டனைப் பற்றிய பகுதியையும் பாருங்கள்.

யாருக்காவது சளைத்து அரை நாள் மிச்சமானால், பிங்க் லைனில் 18-ஆம் தெருவில் இறங்கி மெக்சிகோ கலை மியூசியம் போகலாம், 1987-இல் திறந்ததிலிருந்து இலவசம், இலையுதிர் காலத்தில் வந்தால் இறந்தோர் நினைவுநாள் படையல்களின் கண்காட்சி நடக்கும். செத்துப்போனவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டை வைத்துப் படம் வைத்துக் கும்பிடுவதை அம்மா உடனே புரிந்துகொள்வார். நகர மையத்திலேயே என்றால் சிகாகோ கலாச்சார மையம், 1897-இல் நூலகமாகக் கட்டியது, டிஃபானி கண்ணாடிக் கூரை, அதுவும் இலவசம்.

இனி நடைமுறை. கிழமை முக்கியம்: ஆர்ட் இன்ஸ்டிடியூட் இப்போது செவ்வாய், புதன் விடுமுறை, தெற்கே சொன்ன சின்ன மியூசியங்கள் வார ஆரம்பத்தில் மூடியிருக்கும், ஆகவே வியாழன் முதல் சனி வரை வைத்துக்கொண்டால் எல்லாம் திறந்திருக்கும், கிளம்புமுன் ஒருமுறை இணையத்தில் பார்த்துவிடுங்கள். இலவச நாள் என்று இணையத்தில் வருவதெல்லாம் இல்லினாய்ஸ்காரர்களுக்கு, அடையாள அட்டை கேட்பார்கள், உங்களுக்குப் பொருந்தாது. ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் 14 வயதுக்குக் கீழ் எப்போதும் டிக்கெட் இல்லை. பெரிய மியூசியங்களில் கேட்டால் சக்கர நாற்காலி தருவார்கள், கூச்சப்படாமல் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா மறுத்தாலும் மதியத்துக்கு மேல் உட்காருவார். சைவம் என்றால் உள்ளே சாப்பாடு சரியாக இருக்காது, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஃபீல்டிலும் அறிவியல் மியூசியத்திலும் கொண்டுபோனதை உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டு. செப்டம்பருக்குப் பிறகு வருவதாக இருந்தால் பேர்ஸ் அணியின் ஃபுட்பால் ஆட்டம் எந்த ஞாயிறு என்று பாருங்கள், மைதானம் ஃபீல்ட் மியூசியத்தின் பக்கத்திலேயே இருக்கிறது, அன்று பார்க்கிங் விலை எங்கேயோ போய்விடும், 146-ஆம் எண் பஸ்ஸும் நெரிசலில் மாட்டிக்கொள்ளும், அன்றைக்கு ஆர்ட் இன்ஸ்டிடியூட்டை வைத்துக்கொள்ளுங்கள்.